அக்குளில் கட்டும் நெறி

காலில் முள் தைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பதை அறியாதார் நம் நாட்டில் இலர். பள்ளிக்கூடத்து வாயிலை மிதியாத பாட்டியும் இதனை அறிவாள்; பேரன் நொண்டி நடக்கக் கண்டவுடன், "எங்கே முள் குத்திற்று?" என்று அவன் உள்ளங்காலைத் தடவிப் பார்ப்பாள். வீக்கம் ஓரிடத்தில், காரணம் வேறிடத்தில் என்னும் இவ்வுண்மையை நூலறிவின்றியே நம் முன்னோர் கண்டிருந்தனர். ஆயின், அதே பாட்டியின் அக்குளில், முள்ளும் தையாமல், புண்ணும் இல்லாமல், நோவும் தோன்றாமல் ஒரு நெறி கட்டுமாயின், அதன் காரணம் எங்கே என்று தேடுவார் யார்? அவளும் தேடுவதில்லை, வீட்டாரும் தேடுவதில்லை. இத்தேடாமையே இக்கட்டுரைக்குப் பொருளாம்.

கல்லூரி இதழில் மார்பகப் புற்றினைப் பற்றி எழுதுதல் தகுமோ என்று சிலர் புருவம் நெரிக்கலாம். தகும் என்பதே என் துணிபு. நாம் நாணிப் பேசாது விடுவதனால் எந்நோயும் நம்மை விட்டு நீங்குவதில்லை. பேசாத வீட்டிலேயே அது நெடுநாள் தங்குகின்றது. அன்றியும், இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாக நீண்டு செல்லும் வடசென்னையிலிருந்து இக்கல்லூரிக்கு வரும் மாணவர் பலர். அவர்தம் அன்னையரும் அத்தையரும் மீன் விற்றும், இறால் உரித்தும், ஆலை வாயிலில் சிற்றுண்டி விற்றும், பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கியும் ஈட்டிய பொருளாற்றான் நம்முள் பலர் இவ்வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றோம். அவர்கள் உடல்நலம் நமக்கு அயலான பொருளாகாது.

முதற்கண் நெறி என்பது யாது எனக் காண்போம். நம் உடலில் செங்குருதி ஓடும் குழாய்களேயன்றி, நிறமற்ற நிணநீர் ஓடும் மிக மெல்லிய குழாய்களும் உள. 1622-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு வைத்தியர் காஸ்பாரோ அசெல்லி என்பார், இரை உண்டு சிறிது நேரமே ஆன ஒரு நாயின் வயிற்றைத் திறந்து நோக்கியபோது, குடலைச் சூழ்ந்து வெண்ணிற இழைகள் பரந்திருக்கக் கண்டார். நரம்புகள் போலும் என்று முதலில் எண்ணியவர், அவற்றுள் ஒன்றைக் கீறியதும் பால்போன்ற நீர் வெளிப்படக் கண்டு வியந்தார். அவர் கண்டவை நிணநீர்க் குழாய்களின் ஒரு பகுதியே. இக்குழாய்கள் செல்லும் வழியில் ஆங்காங்கே அவரை விதை போன்ற சிறு கணுக்கள் அமைந்துள்ளன. உடல் முழுவதும் பல நூறு கணுக்கள் உண்டு. ஓர் அக்குளில் மட்டும் இருபது முப்பது இருக்கும். இக்கணு வீங்குவதையே நாம் நெறி கட்டுதல் என்கின்றோம்.

துறைமுகத்தை அடுத்து வாழும் நமக்கு இதனை விளக்க வேறு உவமை வேண்டா. கப்பலிலிருந்து இறங்கும் சரக்கு ஊருக்குள் நுழையுமுன் சுங்கச் சாவடியைக் கடந்தாக வேண்டுமன்றோ? அங்ஙனமே, கையிலிருந்தும் மார்பிலிருந்தும் வடியும் நிணநீர் குருதியிற் கலக்குமுன் அக்குளிலுள்ள கணுக்களைக் கடக்கின்றது. அந்நீரில் நோய்க்கிருமி வருமாயின், கணுவிலுள்ள காவலணுக்கள் பெருகி அதனை எதிர்க்கின்றன. சாவடியில் ஆட்கள் திரள்வதே வீக்கமாகவும் நோவாகவும் நமக்குத் தோன்றுகின்றது. ஆகவே நெறி என்பது பெரும்பாலும் நோயன்று. நோயை எதிர்க்கும் போரின் அடையாளம்.

ஆகலின், அக்குளில் நெறி கண்டோரெல்லாம் அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. மீன் அறுக்கும் பெண்டிர் விரலில் மீன்முள் தைப்பது அன்றாட நிகழ்ச்சி. அப்புண் சீழ் கொண்டால் அக்குளில் நெறி கட்டும், தொட்டால் வலிக்கும், விரற்புண் ஆறியதும் சின்னாளில் தானே வற்றும். கையில் வந்த கொப்புளம், அக்குளிலேயே தோன்றிய மயிர்க்கால் கட்டி, பூனைக் கீறல் ஆகியவற்றாலும் இது நிகழும். 2021-ஆம் ஆண்டில் கொரோனாத் தடுப்பூசி இட்டுக்கொண்டோர் பலர்க்கு, ஊசி இட்ட கையின் பக்கத்து அக்குளில் நெறி கட்டிப் பின்னர் வற்றியது. காசநோய் மலிந்த நம் நாட்டில், கழுத்திலும் அக்குளிலும் அந்நோயாலும் கணுக்கள் வீங்குவதுண்டு. குருதியணுக்களைச் சார்ந்த சில புற்றுகளும் நெறியாகவே முதலில் வெளிப்படும்.

இனி, அஞ்சத்தக்க நெறி யாதெனில், மார்பகப் புற்றினின்று எழுவது. மார்பில் ஊறும் நிணநீரின் பெரும்பங்கு, நான்கில் மூன்று பங்கிற்கும் மேலாக, அவ்வப்பக்கத்து அக்குளுக்கே வடிகின்றது. மார்பிலுள்ள கட்டியினின்று பிரிந்த புற்றணுக்கள் அந்நீரோடு மிதந்து வந்து கணுவில் தங்கிப் பெருகுமாயின், அக்கணுவும் வீங்கும். ஆனால் இங்கே நடப்பது போரன்று, குடியேற்றம். ஆதலின் பெரும்பாலும் வலி இராது. தொட்டால் கல்போல் கடினமாக இருக்கும்; விரலுக்கு அசையாமல் ஒட்டியிருத்தலும் கூடும்; நாளடைவில் வற்றாமல் வளரும். இதனோடு மார்பில் கட்டியோ, தோல் நாரத்தைத் தோல் போல் குழிந்திருத்தலோ, காம்பு உள்ளிழுக்கப்படுதலோ, அதிலிருந்து குருதி கசிதலோ காணப்படலாம். மிகச் சிலர்க்கு, நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, மார்பில் கட்டி ஒன்றும் கைக்குப் புலப்படாமல் அக்குள் நெறி மட்டுமே முதல் அடையாளமாக அமையும். நூறு நோயாளருள் ஒருவர் அளவில் ஆண்மக்களுக்கும் இப்புற்று வருவதுண்டு என்பதையும் ஈண்டுக் கூறி வைப்பேன்.

இவ்வடையாளங்களைக் கொண்டே இது நல்லது, இது தீயது என்று எவரும் வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடலாகாது. வலிக்கும் புற்றும் உண்டு. வலியாத காசநோய்க் கணுவும் உண்டு. தீர்ப்புச் சொல்லவல்லது பரிசோதனை ஒன்றே. கைதேர்ந்தவர் தொட்டுப் பார்த்தல், மார்பகத்தை ஊடுகதிராலும் ஒலியலையாலும் படமெடுத்தல், ஊசியால் சிறிது தசையெடுத்து நுண்பெருக்கியில் நோக்குதல் ஆகிய இம்மூன்றும் கூடினால் ஐயம் பெரும்பாலும் தீரும். கையிற் புண்ணின்றி அக்குளில் கட்டி இரண்டு மூன்று வாரங்களில் வற்றாத நெறியை வைத்தியரிடம் காட்டுக. மார்பிற் புதிதாகத் தோன்றிய கட்டிக்கு அத்துணை நாளும் காத்திராதீர். இவ்விரு வாக்கியங்களை இதழைப் படிப்போர் தம் வீட்டில் சொல்வாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் கைகூடியதாகக் கொள்வேன்.

நிற்க. காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு தாயை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். விடியுமுன் துறைக்குச் சென்று, கடனுக்குக் கூடை எடுத்து, நண்பகல் வரை தெருத்தெருவாகத் திரிந்து விற்று, மாலையில் கடனைத் தீர்ப்பவள் அவள். குளிக்கும்போது அக்குளில் ஒரு நெறி கைக்குத் தட்டுப்படுகின்றது. மீன்முள்ளால் வந்ததென்று எண்ணிச் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போடுகின்றாள். வலி இல்லை, ஆகவே கவலையும் இல்லை. ஒரு திங்கள் கழிகின்றது. பெரிய ஆசுபத்திரிக்குச் செல்ல வேண்டுமானால் காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும். காலையில் நின்றால் அன்றைய மீன் இல்லை. மீன் இல்லையேல் கடன் அடையாது. மகளின் தேர்வு முடியட்டும் என்கின்றாள். பின்னர் மீன்பிடித் தடைக்காலம் வரட்டும் என்கின்றாள். அவள் செல்லும்போது அந்நெறி ஒன்றல்ல, பலவாகியிருக்கும்.

இத்தாயை நோக்கி, "அறியாமை!" என்று பழித்தல் நமக்கு எளிது. ஆயினும் அவள் செய்தது அறியாமை மட்டும் அன்று. அது ஒரு கணக்கு. இன்று உறுதியாக இழக்கும் ஒரு நாட்கூலியையும், என்றோ வரக்கூடும் என்னும் ஒரு நோயையும் இரு தட்டில் இட்டு நிறுத்தாள். வலியில்லாத தட்டு மேலெழுந்தது. அவள் கணக்குத் தவறாயின், அத்தவற்றில் நமக்கும் பங்குண்டு. நாட்கூலியை இழவாமல் உடலைக் காட்டிக்கொள்ளும் வழியை அவளுக்கு நாம் அமைத்துத் தரவில்லை.

காலதாமதத்தின் விலை என்ன? அமெரிக்க நாட்டுக் கணக்கின்படி, நோய் மார்பளவில் நிற்கும்போதே காணப்பெற்றவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 99 பேர் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். அக்குள் கணுக்கள் போன்ற அண்டைப் பகுதிக்குப் பரவியபின் அத்தொகை ஏறத்தாழ 87 ஆகின்றது. எலும்பு, நுரையீரல், ஈரல் முதலிய தொலைவுறுப்புகளுக்குச் சென்றபின்னோ ஏறத்தாழ 32 ஆகக் குறைகின்றது. இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். அக்குளில் நெறி கண்டது மரண ஓலையன்று. அந்நிலையிலும் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். ஆயினும் அதற்கப்பால் காத்திருத்தல் பெருங்கேடு. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்டிர்க்கு இந்நோய் புதிதாகக் காணப்பட்டதென்றும், ஏறத்தாழ 98,000 பேர் இதனால் மாண்டனர் என்றும் உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகின்றது. நம் நாட்டு நோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் நோய் அண்டைப் பகுதிக்குப் பரவிய பின்னரே வைத்தியரை அடைகின்றனர்.

சீக்கிரம் செல்வோர்க்கு உயிரேயன்றிக் கையும் மிஞ்சுகின்றது என்பதைப் பலர் அறியார். அமெரிக்க இரண வைத்தியர் வில்லியம் ஹால்ஸ்டெட் என்பார், புற்று மார்பிலிருந்து கணுவுக்கும், கணுவிலிருந்து அப்பாலும் படிப்படியாகச் செல்லும் என்று கருதி, மார்பையும் மார்புத் தசையையும் அக்குள் கணுக்களையும் ஒருங்கே அகற்றும் பெருஞ்சிகிச்சையை வகுத்து, 1894-இல் அதன் பயனை வெளியிட்டார். முக்கால் நூற்றாண்டு வரை அதுவே வழக்காயிருந்தது. 1971-இல் பெர்னார்டு ஃபிஷர் என்பாரின் தலைமையில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி, கணுக்கள் வீங்காத பெண்டிரிடத்தில் எல்லாவற்றையும் முன்கூட்டியே அகற்றுவதனால் ஆயுள் கூடுவதில்லை என்று நிலைநாட்டியது. இருபத்தைந்தாண்டுக்குப் பின்னர் 2002-இல் வெளியான முடிவும் அதனையே உறுதி செய்தது. ஆகவே கணுவானது வெள்ளத்தைத் தடுக்கும் அணையன்று; வெள்ளம் எதுவரை வந்ததெனக் காட்டும் அளவுகோல்.

இதன்பின் வேறொரு வழி தோன்றிற்று. மார்பில் நீலச் சாயமோ கதிரியக்கப் பொருளோ செலுத்தி, நிணநீர் முதன்முதல் சென்றடையும் கணு எதுவெனக் கண்டு, அதனையும் அதனை அடுத்த ஓரிரண்டினையும் மட்டும் எடுத்துப் பார்ப்பர். அதனைக் காவற்கணு என்னலாம். 1990-களில் இம்முறை மார்பகப் புற்றுச் சிகிச்சையிற் புகுந்தது. காவற்கணு தூயதாயின் மற்றவற்றைத் தொடுவதில்லை. அக்குள் கணுக்களை முழுதும் அகற்றினால் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்குக் கை வீங்கி நெடுநாள் துன்புறுத்தும்; காவற்கணுவோடு நிறுத்தினால் அத்துன்பம் இருபதில் ஒருவர் அளவாகக் குறையும். எழுதுகோல் பிடிக்கும் நமக்கே கை வீக்கம் துன்பமாயின், தலைக்கூடைக்குக் கை கொடுப்பவளுக்கும், வலை இழுப்பவளுக்கும், துணி துவைப்பவளுக்கும் அது பிழைப்பையே பறிக்குமன்றோ? அவள் காலத்தில் சென்றாளாயின், கையையும் காத்துக்கொண்டு மீள்வாள்.

"கத்தி பட்டால் புற்றுப் பரவும், ஊசி குத்தினால் பெருகும்" என்னும் பேச்சும் நம்மிடையே உண்டு. காலங்கடந்து சென்று, அறுவை செய்தும் மாண்டவரைக் கண்டு எழுந்த பேச்சு இது. மாய்த்தது கத்தியன்று, தாமதமே. வேறு சிலர், ஆலைப் புகையே இதற்கெல்லாம் காரணம் என்பர். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரந்ததையும், அதே திங்களில் அம்மோனியா வாயு கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடியதையும் மறந்தவர் யார்? தூய காற்றும் தூய நீரும் கேட்டல் நம் உரிமை. ஆயினும் இப்புற்றுக்கு முதுமை, குடும்ப வழி, காலந்தாழ்ந்த மகப்பேறு, உடற்பருமன், மது முதலியன துணைக்காரணங்கள் என அறியப்பட்டுள்ளன. பெரும்பாலார்க்கு இன்னதே காரணம் எனச் சுட்ட இயலாது. புகைமேற் பழியை ஏற்றிவிட்டு, அக்குளில் உள்ள நெறியைக் காட்டாமல் இருப்பது ஒருவரையும் காப்பாற்றாது.

வடசென்னைக்கு இவ்வகையில் ஒரு பழைய பெருமை உண்டு. ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்ட நம் பெண்டிர் நாணியிருந்த காலத்தில், ஸ்காட்லாந்து நாட்டினின்று வந்த மெட்டில்டா மக்ஃபெயில் என்னும் பெண் வைத்தியர் 1888-இல் சென்னையிற் பணி தொடங்கினார். அதன் வழியே இராயபுரத்தில் எழுந்த கிறிஸ்டினா ரெய்னி மருத்துவமனை இன்றும் நிலவுகின்றது. நாணத்தைப் பழித்துக்கொண்டிராமல், நாணத்துக்கு ஏற்ற வழியை அமைத்துக் கொடுத்தார் அவர். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியாரோ, தம் தங்கையின் குடற்புற்று வேறு நோயெனத் தவறாகக் கருதப்பட்டுக் காலங்கடந்து, 1923-இல் அவர் இறக்கக் கண்டார். அத்துயரமே 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையமாக மலர்ந்தது. ஒருவர் தடையை நோக்கி வழி கண்டார். மற்றவர் தாமதத்தை நோக்கி வழி கண்டார். நமக்கு இரண்டும் வேண்டும்.

ஆதலின் யான் வேண்டுவது இது. சிகிச்சைக்குரிய பொருள் இன்று முற்றிலும் இல்லாததன்று. இராயபுரத்தருகே ஸ்டான்லி அரசு மருத்துவமனை உளது. வறியோர்க்கு அரசின் காப்பீட்டுத் திட்டமும் உளது. இல்லாதது முதற்படி. அம்முதற்படியை உழைப்பவள் வாழும் தெருவில், அவள் ஓய்ந்திருக்கும் மாலை வேளையில், பெண் ஊழியர் கையால் அமைக்க வேண்டும். இது கனவன்று. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998-இல் தொடங்கி, 1,51,538 பெண்டிரை இரு கூறாக்கி, ஒரு கூற்றினரைப் பயிற்சி பெற்ற பெண் ஊழியர் இரண்டாண்டுக்கொருமுறை தொட்டுப் பரிசோதிக்குமாறு செய்தனர். 2021-இல் வெளியான முடிவின்படி, அக்கூற்றில் நோய் முற்றாத நிலையிற் காணப்பட்டது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரிடையே இந்நோயால் நேர்ந்த மரணம் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு குறைந்தது. விலையுயர்ந்த பொறி எதுவும் இதற்கு வேண்டப்படவில்லை. பழகிய கைகளே போதுமாயின.

இதற்கு மறுப்பும் உண்டு. அவ்வாராய்ச்சியிலேயே இளையோரிடத்து மரணம் குறைந்ததாகத் தெளிவாகவில்லை. எல்லா வயதினரையும் சேர்த்து நோக்கின் குறைவு சிறிதே, அதுவும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. வீண் அச்சமும் வீண் பரிசோதனையும் பெருகும் என்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மையுண்டு. ஆதலினாற்றான் எல்லாரையும் ஆண்டுதோறும் பிடித்திழுத்துச் சோதிக்க வேண்டும் என்று யான் கூறவில்லை. ஐம்பதைக் கடந்தவர்க்கு முறையான பரிசோதனையும், எவ்வயதினராயினும் கட்டியோ வற்றாத நெறியோ கண்டவர்க்கு ஒரு வாரத்துக்குள் விடையும் கிடைத்தல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பரிசோதனைக்குச் செல்லும் நாளின் கூலியைத் துறைமுகத்து ஒப்பந்தக்காரரும் ஆலை முதலாளிகளும் தம் பெண்தொழிலாளர்க்குப் பிடிக்காமல் தருவாராயின், அவர்க்கு அது பெருஞ்செலவாகாது.

மாணவ நண்பர்களே! வள்ளுவர் மருந்தைப் பற்றி ஓர் அதிகாரம் வகுத்து, நோயைத் தெளிந்து, அதன் காரணத்தைத் தெளிந்து, பின்னரே தீர்க்கும் வழியை நாடுமாறு பணித்தார். அவ்வதிகாரத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம்; இனி வீட்டில் அதனை நடத்திக் காட்டுவோம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அன்னையிடம், "அம்மா, கையில் புண்ணில்லாமல் அக்குளில் ஏதேனும் நெறி உண்டா?" என்று கேட்பதற்கு மகளுக்கு நாணம் வேண்டா, மகனுக்கும் வேண்டா. உண்டெனில், அன்றைய மீன்கூடையை நாம் சுமப்போம். வரிசையில் நாம் நிற்போம். அவள் வைத்தியர் முன் அமரட்டும். நம் உள்ளங்காலில் முள் தேடிய கைகளுக்கு நாம் செலுத்தும் கடன் அதுவே.